கிளந்தான் சயாமிய பௌத்தர்களின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில், தாய்லாந்து எல்லையை ஒட்டிய தும்பாட் வட்டாரத்தில் தாய் வம்சாவளியினரான இவர்களின் கிராமங்கள் அதிகம். வீட்டில் சயாம் மொழி, சந்தையில் கிளந்தான் மலாய். ஞாயிறு இங்கே வேலை நாள்.

பிக்குகள் நண்பகலுக்குப் பிறகு திட உணவு உண்பதில்லை. அதனால் சோறும் கறியும் பதினொரு மணிக்குள் விகாரைக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

பெரிய கவலை, பிக்குகள் குறைவாக இருப்பதுதான். பிக்குகள் ஒரே விகாரையில் தங்கும் மூன்று மாத மழைக்கால வாசம் முடிந்து ஒரு மாதத்துக்குள் கத்தினச் சீவர தானம், அதாவது அவர்களுக்கு ஆடை (சீவரம்) வழங்கும் சடங்கு, நடக்க வேண்டும். அதற்கு ஐந்து பிக்குகளாவது தேவை: ஊரார் தந்த துணியை நால்வர் சங்கமாக இருந்து வழங்க, ஐந்தாமவர் பெறுவார். சீவரத்தைப் பிக்குகள் கேட்டு வாங்கக் கூடாது, ஊராரே மனமுவந்து கொடுக்க வேண்டும். ஒரே நாளில் துணி தைத்து முடியாவிட்டால் சடங்கு செல்லாது. சிறிய விகாரையில் ஐவர் சேரவில்லையென்றால் ‘ஃபா பா’ என்ற வேறொரு தான முறையில் சீவரம் தரலாம். அதற்கு நாள் கட்டுப்பாடும் கிடையாது, எண்ணிக்கைக் கட்டுப்பாடும் கிடையாது.