ஒரு மாலைக்கு ஒரு மேடை

கேள்வி: நவராத்திரி நாட்களில் மதுரையில் கோயில், மண்டபம், பள்ளி என்று எங்கு பார்த்தாலும் கட்டணமில்லாத இசை, நடன நிகழ்ச்சிகள் நடக்கின்றன. சென்ற ஆண்டு குடும்பத்துடன் ஒரே மாலையில் மூன்று, நான்கு இடங்களுக்குக்கூடப் போய் வந்தோம். எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம் என்ற திருப்தி இருந்ததே தவிர, என்ன கேட்டோம் என்று யோசித்தால் இப்போது ஒன்றும் நினைவில் இல்லை. "காசு வாங்காமல் நடத்தும் கச்சேரியில் சரக்கு இருக்காது, நல்ல சங்கீதம் கேட்க வேண்டுமானால் டிசம்பரில் சென்னைக்குப் போ" என்கிறார் என் நண்பர். அவர் சொல்வது சரிதானா? இந்த ஆண்டு குழந்தைகளையும் அழைத்துப் போக விரும்புகிறோம், எப்படித் திட்டமிடலாம்?
– வாசகர் ஒருவர், திருநகர், மதுரை

பதில்: உங்கள் நண்பர் சொல்வது சரியல்ல. நீங்கள் கேட்டது நினைவில் நிற்காமல் போனதற்கான காரணம், ஒவ்வோர் இடத்திலும் பாதியில் எழுந்துவிட்டதுதான்.

ஒரு கச்சேரி எப்படி வளர்கிறது என்று பாருங்கள். வர்ணம் என்னும் தொடக்கப் பாடலில் குரல் பதமாகி, பக்கவாத்தியக்காரர்களும் பாடகரும் ஒருவர் போக்கை ஒருவர் புரிந்துகொண்டு, சிறிய உருப்படிகள் இரண்டோ மூன்றோ முடிந்து, அன்றைய முக்கிய ராகத்தைப் பாடகர் மெல்லத் தொடும்போது அநேகமாக ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அந்த ராகத்தைச் சொற்களில்லாமல் விரிக்கும் ஆலாபனை, அதற்கு வயலினில் வரும் மறுமொழி, கிருதி என்னும் முக்கியப் பாடல், அதன் ஒரு வரியைப் பலவிதமாகப் பாடும் நிரவல், ஸ்வரங்களை அந்தக் கணத்தில் கோத்துப் பாடும் கற்பனைஸ்வரம், மிருதங்கம் முதலிய தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் எல்லாம் அதற்குப் பிறகுதான். அரை மணி நேரத்தில் எழுந்து அடுத்த இடத்துக்குப் போகிறவர், முதல் இடத்தில் முகப்பை மட்டும் பார்த்துவிட்டு, இரண்டாவது இடத்தில் தனி ஆவர்த்தனத்தின் கடைசித் தாளக்கோர்வைக்கோ, இறுதியில் பாடும் சிறு பாடலான துக்கடாவுக்கோ போய்ச் சேர்கிறார். ஒரே மாலையில் நான்கு கச்சேரி கேட்டதாக நீங்கள் எண்ணிக்கொண்டிருக்கலாம். ஒரு கச்சேரியின் நடுப்பகுதிகூட உங்கள் காதில் விழவில்லை.

டிக்கெட் வாங்கி உள்ளே போனவர், கொடுத்த பணத்துக்காகவாவது இருக்கையில் தங்குவார். பிடிக்காத உருப்படியையும் பொறுத்துக்கொள்வார். அந்தப் பொறுமையின் பலனாகப் பல நேரங்களில் பிடித்த ஒன்றைக் கண்டடைவார். கட்டணமில்லாத மேடையில் அந்தக் கட்டு கிடையாது. கடைசி வரை உட்காருவது என்ற முடிவை நாமேதான் எடுத்தாக வேண்டும். இலவச நிகழ்ச்சிகளை அனுபவிக்க நான் சொல்லக்கூடிய வழி இது ஒன்றே: ஒரு மாலைக்கு ஒரு மேடை, முதல் உருப்படி தொடங்குவதற்கு முன் போவது, மங்களம் பாடிய பின் எழுவது.

உங்கள் நண்பரின் கருத்துக்கு வருகிறேன். பணம் கொடுத்துச் சீட்டு வாங்கிக் கேட்பது நம் இசையின் நீண்ட வரலாற்றில் அண்மைக்கால ஏற்பாடு. சென்னை மியூசிக் அகாடமி தொடங்கப்பட்டது 1928இல். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே கோயில் மண்டபங்களிலும் வீதிகளிலும் ஓதுவார்களின் பண்ணிசையும் நாகஸ்வரமும் ஊர் முழுவதற்குமாக ஒலித்துக்கொண்டிருந்தன. மதுரையில் 1916இல் பிறந்த எம். எஸ். சுப்புலட்சுமி, 11 வயதில், 1927இல், திருச்சி மலைக்கோட்டைக் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தில் பாடினார். அகாடமி மேடை அதற்குப் பிறகுதான் அவருக்குக் கிடைத்தது. மதுரை சோமு (1919–1989) முருகன் கோயில் விழாக்களில் மணிக்கணக்கில் பாடியதை நேரில் கேட்ட பெரியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் உங்கள் நண்பர் சற்று நேரம் பேசிப் பார்க்கலாம். சென்னை டிசம்பர் விழாவிலேயே பல சபாக்களின் பகல் நேரக் கச்சேரிகளுக்குக் கட்டணம் கிடையாது என்பதையும், இளைய பாடகர்கள் முதலில் ஏறுவது அந்த மேடைகளில்தான் என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள்.

இலவசம் என்ற சொல்லையும் நாம் அலட்சியமாகப் பயன்படுத்துகிறோம். மேடையில் இருப்பவர்கள் உழைக்காமல் வந்துவிடவில்லை. பந்தலும் விளக்கும் ஒலிபெருக்கியும் வாடகையில்லாமல் வந்துவிடவில்லை. கோயில் நிதியிலிருந்தோ, விழாச் செலவைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டளையாக ஏற்று நடத்தும் ஒரு குடும்பத்திடமிருந்தோ, தெருக்காரர்கள் வசூலித்த நன்கொடையிலிருந்தோ பணம் போயிருக்கிறது. மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் கோயில் திருவிழாவுக்கு விடிய விடிய நடக்கும் இசை நாடகமான ஸ்பெஷல் நாடகத்தில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். ஊரார் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டுச் செலவை ஏற்கிறார்கள். அந்த வரியில் ஒரு பைசா கொடுக்காத பக்கத்து ஊர்க்காரரும் பாயை விரித்து விடியும் வரை பார்க்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். மதுரையிலேயே நாடக சபை தொடங்கிய சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய வள்ளி திருமணமும் பவளக்கொடியும் இன்றும் அப்படித்தான் வாழ்கின்றன. வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள், சேர்ந்து ஒத்திகை பார்க்காமல், அன்றிரவு மேடையில் சந்தித்து, ஆர்மோனியக்காரர் எடுத்துக் கொடுக்கும் சுருதியில் பாட்டாலும் தர்க்கத்தாலும் ஒருவரையொருவர் மடக்குவதைப் பார்த்தவர் எவரும், காசு வாங்காத மேடையில் சரக்கு இருக்காது என்று சொல்லத் துணிய மாட்டார். ஸ்பெஷல் நாடகம் நவராத்திரிக்கு உரியதல்ல. தை, மாசிக்குப் பிறகு தேடிப் போக வேண்டியது. ஆயினும் உங்கள் நண்பரைக் கட்டாயம் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

எல்லா இலவச மேடைகளும் நன்றாக அமைந்துவிடுகின்றன என்று நான் சொல்லவில்லை. பல இடங்களில் ஒலிபெருக்கியின் அலறல் வயலினை விழுங்கிவிடுகிறது. பொன்னாடை போர்த்துவதும் நன்றியுரையும் கச்சேரியின் நடுவில் புகுந்து, பாடகர் கட்டிக்கொண்டுவந்த மனநிலையைக் கலைத்துவிடுகின்றன. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கூட்டத்தில் பாதி காபி தேடிப் போவது டிக்கெட் வாங்கும் அரங்குகளிலும் உள்ள வழக்கம்தான் என்றாலும், திறந்த மேடையில் அது இன்னும் கண்கூடாக நிகழ்கிறது. மற்றவர்களின் பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் உழைத்த மிருதங்கக் கலைஞருக்குத் தமக்கென்று கிடைப்பது அந்தப் பத்து நிமிடம்தான், அப்போது எழுந்து போவது மரியாதைக் குறைவு. இவையெல்லாம் ஏற்பாட்டாளர்களும் கேட்பவர்களும் சேர்ந்து திருத்திக்கொள்ளக்கூடிய குறைகள். கலைஞரின் தரத்துக்கும் நுழைவுச் சீட்டின் விலைக்கும் இவற்றால் ஒரு தொடர்பும் ஏற்பட்டுவிடாது.

நவராத்திரி மேடைகளில் பாடுகிறவர்களிலும் ஆடுகிறவர்களிலும் பலர் மாணவர்கள். பசுமலை அரசு இசைக் கல்லூரியில் பயில்பவர்களும் தனி ஆசிரியர்களிடம் கற்பவர்களும், வகுப்பறைக்கு வெளியே பிறர் முன் பாடிப் பழகுவதற்கு இந்த ஒன்பது மாலைகளைப் போல வாய்ப்பு வேறு அமைவதில்லை. அவர்கள் தடுமாறும்போது எழுந்து போகாதீர்கள். தாளம் ஓரிடத்தில் தப்பிவிட, வயலின்காரர் மெல்ல இடம் காட்ட, பாடும் பெண் அடுத்த தாளச் சுற்றில் சரியாக வந்து சேர்வதைக் கவனித்துக் கேட்டவருக்குத் தாளம் என்றால் என்ன என்று புத்தகம் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனித் திட்டம். மீனாட்சியம்மன் கோயிலில் கொலுவைத் தரிசித்துவிட்டு, கோயில் மதிலுக்குள்ளேயே இருக்கும் ஆடி வீதி மேடைக்கு வந்து அமருங்கள். உள்ளே கைப்பேசி கொண்டுபோக முடியாது. 2018ஆம் ஆண்டுத் தீவிபத்துக்குப் பிறகு நடைமுறைக்கு வந்த தடை அது. பலர் அதைக் குறையாகச் சொல்கிறார்கள். இசை கேட்பதற்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்பவர் குறைவு. எதிரில் நூறு திரைகள் ஒளிராமல், பக்கத்தில் இருப்பவர் பதிவு செய்வதற்காகக் கையை உயர்த்தி மறைக்காமல், பாடகரின் முகத்தையே பார்த்துக் கேட்கும் வாய்ப்பு இந்நகரில் வேறு எந்தத் திறந்த மேடையிலும் இந்த அளவுக்குக் கிடைக்காது. வார நாட்களில் போனால் முன்வரிசையில் இடம் கிடைக்கும். சனி, ஞாயிறு மாலைகளில் கொலு பார்க்க வரும் கூட்டத்தின் ஓசை மேடை வரை கேட்கும். அந்த இரு நாட்களுக்கு உங்கள் வட்டாரத்துச் சிறு கோயில்களையோ பள்ளி மேடைகளையோ வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி நிரலை முன்னதாகவே வாங்கி, குரலிசை, வீணை, நாகஸ்வரம், பரதம் என்று ஒவ்வொரு மாலைக்கும் வெவ்வேறாகக் குறித்துக்கொள்வது நல்லது. ஒன்பது மாலைகளும் போயே தீர வேண்டும் என்பதில்லை. நான்கு மாலை முழுமையாகக் கேட்டாலே போதும்.

நாகஸ்வரத்தை மட்டும் தனியாக வற்புறுத்துவேன். எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களைத் தந்த ஊர் இது. அந்த வாத்தியத்தை மைக் இல்லாமல், திறந்த வெளியில், நடந்துகொண்டே கேட்க வேண்டும். நவராத்திரி மேடையில் கேட்டுப் பழகியபின், சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் சுவாமி புறப்படும்போது முன்னால் போகும் மேளத்துடன் சேர்ந்து நடங்கள். சுவாமி புறப்பாட்டுக்கு உரிய இசையான மல்லாரி கம்பீர நாட்டை ராகத்தில் ஒலிப்பதையும், மண்டகப்படிகளில் சுவாமி நிற்கும்போது நாகஸ்வரக்காரர் நிதானமாக ராகம் வாசிப்பதையும் கேட்க எந்த அரங்கிலும் டிக்கெட் விற்பதில்லை.

குழந்தைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஒரு மேடையில் கடைசி வரை இருப்பது என்ற விதியை அவர்கள்மேல் சுமத்த வேண்டாம். மேற்சொன்ன அறிவுரை பெரியவர்களுக்கு உரியது. முதலில் நடனத்துக்கோ கோலாட்டத்துக்கோ அழைத்துப் போங்கள். கச்சேரிக்குக் கூட்டிப்போனால் மிருதங்கக் கலைஞரின் கை தெரியும் பக்கமாக உட்கார வையுங்கள். கையால் தாளம் போடுவதை நீங்கள் போட்டுக் காட்டுங்கள். தூக்கம் வந்துவிட்டால் பெற்றோரில் ஒருவர் வீட்டுக்கு அழைத்துச் செல்ல, மற்றவர் இருந்து கேட்கட்டும். மறுநாள் முறையை மாற்றிக்கொள்ளலாம். முடிந்ததும், வாசித்தவர்கள் வாத்தியங்களை உறையில் இட்டுக்கொண்டிருக்கும்போது குழந்தைகளை மேடையருகே கூட்டிப்போய், வாத்தியத்தைப் பற்றி ஏதேனும் கேட்கச் சொல்லுங்கள். கலைஞர்கள் பெரும்பாலும் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார்கள்.