வாசகர் கேள்வி – பதில்: டிராஃப்ட் மாதத்து வழக்குகள்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் கனடாவில் இருக்கும் நம்மவர் வீடுகளில் ஐஸ் ஹொக்கி பற்றிய வாதம், விளையாடுகிறவர்களை விட்டுவிட்டு இனி விளையாட வரப்போகிறவர்களின் மேல் திரும்பிவிடுகிறது. இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அதைப் பற்றியவையாகவே இருப்பதால் வேறு எதையும் தொடவில்லை.

கேள்வி: ஹாக்கி என்றால் எங்கள் ஊரில் புல்தரையும் செயற்கைத் தளமும்தான். கனடாவில் வளரும் என் அக்கா மகன் ஆண்டுதோறும் ‘டிராஃப்ட்’, ‘டிராஃப்ட்’ என்று தூக்கத்தைத் தொலைக்கிறான். அது ஐ.பி.எல். ஏலம் போன்ற ஒன்றா? – ஒரு வாசகர், திருச்சி

பதில்: ஏலம் அல்ல. பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு தலைவர்கள் எதிரெதிரே நின்று, “எனக்கு அவன், உனக்கு இவன்” என்று ஆள் பிரிப்பார்களே, அதையே 32 அணிகள் சேர்ந்து ஏழு சுற்றுகளாகச் செய்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். என்.எச்.எல். எனப்படும் வட அமெரிக்க ஐஸ் ஹொக்கிக் கழகத்தில் 1963 ஆம் ஆண்டு, மொன்றியல் நகர விடுதி ஒன்றில், 21 பேரை மட்டும் தெரிந்தெடுத்து ஆரம்பமான வழக்கம் இது. பணம் அங்கே பேசாது, தோல்விதான் பேசும். பருவத்தில் மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்வரிசை கிடைக்கும். ஆனால் வேண்டுமென்றே தோற்று முதலிடத்தைப் பிடித்துவிடக்கூடாது என்பதற்காகக் குலுக்கல் ஒன்றும் வைத்திருக்கிறார்கள். அதனால் கடைசி இடத்தில் முடித்த அணிக்கும் முதல் தெரிவு கிடைக்கும் வாய்ப்பு 25.5 சதவீதம்தான்.

ஐ.பி.எல். ஏலத்தில் நீங்கள் வாங்குவது பெரும்பாலும் பெயர் எடுத்த ஆட்டக்காரரை. இங்கே எடுப்பதோ 18 வயதுப் பிள்ளையின் எதிர்காலத்தின் மீதான உரிமையை. அந்தப் பிள்ளை வர மறுப்பதும் உண்டு. 1991 இல் கியூபெக் அணி முதலாவதாகத் தெரிந்தெடுத்த எரிக் லின்ட்ரோஸ் அந்த அணிக்காக ஆடவே மாட்டேன் என்று நின்றார். மறுவருடம் ஃபிலடெல்ஃபியாவுக்கு அவரைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு கூட்டம் வீரர்களை வாங்கிக்கொண்டுதான் கியூபெக் அந்தச் சிக்கலிலிருந்து மீண்டது. உங்கள் அக்கா மகனின் தூக்கம் கெடுவதில் நியாயம் இருக்கிறது.

கேள்வி: 2022 இல் மொன்றியல் அணி முதல் தெரிவில் ஷேன் ரைட்டை விட்டுவிட்டு ஸ்லாஃப்கோவ்ஸ்கியை எடுத்தது சரியா பிழையா என்று என் மகனும் என் அண்ணனின் மகனும் இன்றுவரை முகம் சுளித்துக்கொண்டிருக்கிறார்கள். ஐயா ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டும். – ஒரு வாசகர், மொன்றியல்

பதில்: இரண்டு பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்து இதை வாசித்துக் காட்டுங்கள். அந்த வருடக் கழகத்தின் இறுதித் தரவரிசையில் இரண்டு பேருமே முதலாம் இடத்தில்தான் இருந்தார்கள்: வட அமெரிக்காவில் ஆடுவோர் பட்டியலில் ரைட், வெளிநாடுகளில் ஆடுவோர் பட்டியலில் ஸ்லாஃப்கோவ்ஸ்கி. பட்டியல்கள் தனித்தனியே வெளியாவதால், தன் ஆளே ‘நம்பர் ஒன்’ என்று இரு தரப்பும் சத்தியம் செய்யலாம். இருவரும் பொய் சொன்னவர்கள் ஆகமாட்டார்கள்.

அந்தப் பருவத்தில் கிங்ஸ்டன் அணிக்காக ஒன்ராறியோ இளையோர் கழகத்தில் ரைட் 63 ஆட்டங்களில் 94 புள்ளிகள் (கோலுக்கும், கோலுக்கு உதவியதற்கும் தலா ஒரு புள்ளி) எடுத்தார். பின்லாந்தின் முதல்தரக் கழகத்தில் ஸ்லாஃப்கோவ்ஸ்கி எடுத்தது 31 ஆட்டங்களில் 10 புள்ளிகள். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் அண்ணன் மகன் வாதாடியிருப்பார் என்று ஊகிக்கிறேன். ஆனால் முதலாவது, இருபது வயதைத் தாண்டாத பையன்களுக்கு எதிராக எடுத்தது. இரண்டாவது, வீட்டுக் கடன் கட்டிக்கொண்டு, தாடி வைத்துக்கொண்டு, பிழைப்புக்காக ஆடும் ஆண்களுக்கு எதிராக ஒரு பதினேழு வயதுப் பையன் எடுத்தது. அதே பையன் அந்த மாசியில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஏழு ஆட்டங்களில் ஏழு கோல் போட்டு, சுலோவாக்கியாவுக்கு வெண்கலமும் தனக்குச் சிறந்த வீரர் விருதும் வாங்கிக்கொண்டு வந்தார். ரைட்டுக்கும் நியாயம் சொல்ல வேண்டும்: கொரோனாவினால் 2020–21 இல் அவருடைய கழகம் பருவத்தையே நடத்தவில்லை, ஒரு பிள்ளை வளரும் வயதில் ஒரு முழு வருடம் களம் இல்லாமல் போனது சிறிய விடயம் அல்ல.

ஜூலை 7 அன்று மொன்றியலின் சொந்த அரங்கிலேயே டிராஃப்ட் நடந்தது. ரைட் நாலாவது இடம்வரை இறங்கிச் சியாட்டிலுக்குப் போனார். மேடையில் நின்றபடி அவர் மொன்றியல் அணி நிர்வாகிகளின் மேசைப் பக்கம் வீசிய பார்வையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முறைத்தாரா, வெறுமனே திரும்பினாரா என்பது தனி வழக்கு. தனது முதலாவது என்.எச்.எல். கோலை அந்த டிசம்பரில் அவர் போட்டது மொன்றியலுக்கு எதிராக என்பதையும் அண்ணன் மகன் மறந்திருக்கமாட்டார்.

ஸ்லாஃப்கோவ்ஸ்கி முதல் பருவத்தில் 39 ஆட்டங்களில் நாலே கோல் போட்டுவிட்டுக் காயத்தோடு உட்கார்ந்தபோது உங்கள் மகன் வாயைத் திறந்திருக்கமாட்டார். இரண்டாம் பருவத்தில் 20 கோல், 50 புள்ளிகள் வந்தபோது திறந்திருப்பார். என் தீர்ப்பு, மொன்றியல் எடுத்தது பிழை இல்லை என்பதே. ஆனால் இருவரையும் சற்று அடக்கிவைக்க ஒரு தகவல்: மூன்றாவதாக அரிசோனா எடுத்த லோகன் கூலி, அணி யூட்டாவுக்குக் குடிபெயர்ந்த 2024–25 பருவத்தில் 65 புள்ளிகள் எடுத்து, அந்த வருடம் இவர்கள் இருவரையுமே முந்திவிட்டார். அவருக்காக உங்கள் வீட்டில் யாரும் சண்டை பிடிக்கவில்லை.

கேள்வி: அணிக்குப் பின்களத்தில் ஆள் இல்லையென்றால் பின்கள வீரரை எடுப்பதுதானே முறை? ‘இருப்பவர்களில் சிறந்தவரை எடு’ என்று ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டே இருப்பது ஏன்? – ஒரு வாசகர், பிரம்டன்

பதில்: அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், ஆனால் எப்பொழுதும் அப்படி இருந்ததில்லை, அந்தக் கதை கடைசிக் கேள்வியில் வருகிறது.

சமையலறையில் உப்பு முடிந்தால் உப்பு வாங்குவது சரி. டிராஃப்ட்டில் நீங்கள் வாங்குவது உப்பு அல்ல, தென்னங்கன்று. இன்று எடுக்கும் பின்கள வீரர் ஒருவர் என்.எச்.எல். தரத்துக்கு முற்றி வர மூன்று, நாலு வருடங்கள் பிடிப்பது வழக்கம். அவர் வந்து சேரும்போது இன்றைய பயிற்றுவிப்பாளர் இருக்கமாட்டார், இன்றைய குறையும் இருக்காது, வேறு ஒரு குறை புதிதாக முளைத்திருக்கும். குறையை நிரப்புவதற்குச் சந்தையில் ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் இருக்கிறார்கள், ஆள் மாற்று இருக்கிறது. ஆனால் முதல் மூன்று வருடங்களுக்குக் குறைந்த சம்பளத்தில், சம்பள உச்சவரம்பை இடிக்காமல், உயர்ந்த திறமை கிடைக்கும் இடம் டிராஃப்ட் ஒன்றுதான். அங்கே போய்த் திறமையில் ஒரு படி இறங்குவது நட்டம்.

2023 இல் மொன்றியலிடம் ஐந்தாவது தெரிவு இருந்தது. ரசிகர்களில் பெரும் பகுதி ரஷ்ய முன்கள வீரர் மத்வேய் மிச்கோவைக் கேட்டது. அணி ஒஸ்திரியப் பின்கள வீரர் டாவிட் ரைன்பாகரை எடுத்தது. மிச்கோவுக்கு ரஷ்ய அணி ஒன்றோடு 2026 வரை ஒப்பந்தம் இருந்ததால் பல அணிகள் தயங்கின. ஏழாவதாக ஃபிலடெல்ஃபியா துணிந்து எடுத்தது. அவர் எதிர்பார்த்ததைவிட முன்னதாக, 2024 இலேயே விடுவிக்கப்பட்டு வந்து, முதல் பருவத்தில் 26 கோல் போட்டார். ரைன்பாகரோ அதே காலத்தில் முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு படுத்திருந்தார். ஆகவே மொன்றியல் பிழைவிட்டதா? கோல் கணக்கில் இன்றைக்கு ஆம். பின்கள வீரரின் கணக்கை மூடுவதற்கு இது போதிய காலம் அல்ல. இடையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை: தெரிவான அன்றே அந்தப் பிள்ளையின் சமூக வலைப் பக்கங்களில் ரசிகர்கள் வசைமாரி பொழிந்தார்கள். அவர் தன்னைத்தானே தெரிவுசெய்துகொள்ளவில்லை. கோபம் இருந்தால் மேசையில் இருந்தவர்கள்மேல் காட்டியிருக்கலாம்.

எண்ணிப் பார்த்து எடுத்தாலும் தப்பலாம் என்பதற்கு 2015 இன் பொஸ்ரன் போதும். அடுத்தடுத்து 13, 14, 15 என்று மூன்று தெரிவுகள் அவர்கள் கையில் இருந்தன. ஸ்போரில், டிப்ரஸ்க், செனிஷின் ஆகியோரை எடுத்தார்கள். அடுத்து மற்ற அணிகள் எடுத்த மூன்று பெயர்கள், பின்னாளில் நட்சத்திரங்களான மத்தியூ பார்சல், கைல் கொனர், தோமஸ் ஷபோ. டிப்ரஸ்க் நல்ல வீரராக வந்தார் என்பது மட்டுமே பொஸ்ரன் ரசிகர்களுக்கு ஆறுதல்.

கேள்வி: செப்டெம்பரில் பிறந்த பிள்ளைகளுக்கு டிராஃப்ட்டில் பாதகம் என்று என் மகனின் பயிற்றுவிப்பாளர் சொல்கிறார். உண்மையா? – ஒரு தாயார், மார்க்கம்

பதில்: எந்தத் தேதியில் பிறந்தார் என்பதைப் பொறுத்தது, அம்மா. செப்டெம்பர் 15 ஆம் தேதிக்குள் 18 வயது நிறைந்தால்தான் அந்த வருடம் தெரிவுக்கு உரியவர். ரொறன்ரோவின் ஒஸ்டன் மத்தியூஸ் 1997 செப்டெம்பர் 17 இல் பிறந்தவர். இரண்டே நாட்களில் 2015 இன் வாசல் மூடிக்கொண்டது. ஒரு வருடம் காத்திருக்க நேர்ந்தபோது சூரிச் சென்று வளர்ந்த ஆண்களோடு ஆடினார். 2016 இல் முதலாவதாகத் தெரிவானார். மறுபுறம், 2025 இல் முதலாவதாகத் தெரிவான ஹமில்டன் நகரப் பிள்ளை மத்தியூ ஷேஃபர் 2007 செப்டெம்பர் 5 இல் பிறந்தவர். இன்னும் 11 நாட்கள் பிந்தியிருந்தால் அடுத்த வருடத்துக்குத் தள்ளப்பட்டிருப்பார். தன் தொகுதியிலேயே மிக இளையவர்களில் ஒருவர், கழுத்துப்பட்டை எலும்பு முறிந்ததால் இளையோர் கழகத்தில் அந்தப் பருவத்தில் 17 ஆட்டங்கள்தான் ஆடினார். இருந்தும் நியூயோர்க் ஐலண்டர்ஸ் தயங்கவில்லை. பதினேழு வயதில் பத்து, பதினொரு மாத வித்தியாசம் என்பது தோளிலும் தொடையிலும் தெரியும் வித்தியாசம். எண்களைப் பார்க்கும்போது பிறந்த நாளையும் சேர்த்துப் பார்க்கும்படி அந்தப் பயிற்றுவிப்பாளரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: ‘கொம்பைன்’ எனப்படும் உடற்தகுதிச் சோதனையில் தோற்றவரை எடுக்கலாமா? – ஒரு வாசகர், ஒட்டாவா

பதில்: 2014 சோதனையில் சாம் பெனட்டால் கம்பியில் தொங்கி ஒரு முறைகூடத் தாடையை மேலே கொண்டுவர முடியவில்லை. நாடே சிரித்தது. கல்கரி நாலாவதாக எடுத்தது. 2025 இல் ஃபுளோரிடா அணி என்.எச்.எல். வாகையருக்கான ஸ்டான்லி கிண்ணத்தை வென்றபோது, அந்தக் கிண்ணத்துக்கான இறுதிக்கட்ட ஆட்டங்களின் சிறந்த வீரர் விருதை வாங்கியவர் அவர்தான்.

கேள்வி: ரொறன்ரோ ரசிகர்களாகிய எங்களுக்கு வாதிட முதற்சுற்றுத் தெரிவே மிஞ்சுவதில்லையே? – ஒரு வாசகர், ஸ்காபரோ

பதில்: இது பரம்பரை நோய். 1989 இல் டொம் கேர்வர்ஸ் என்ற பின்கள வீரருக்காக, 1991 இன் முதற்சுற்றுத் தெரிவை நியூஜேர்சிக்குக் கொடுத்தார்கள். அது மூன்றாவது தெரிவாக முடிந்தது. நியூஜேர்சி எடுத்தது ஸ்கொட் நீடர்மாயரை. அவர் நாலு ஸ்டான்லி கிண்ணங்கள் வென்றார். கேர்வர்ஸோ அந்தத் தெரிவு நடப்பதற்கு முன்னரே ரொறன்ரோவைவிட்டுப் போய்விட்டார். 2009 இல் ஃபில் கெசலுக்காகக் கொடுத்த தெரிவுகள் பொஸ்ரனில் டைலர் செகினாகவும் டகி ஹமில்டனாகவும் முளைத்தன. கெசல் கோல் போடத் தெரிந்தவர், அதை மறுக்கவில்லை. ஆனால் அணி எவ்வளவு கீழே விழக்கூடும் என்பதை எண்ணாமல் எதிர்காலத் தெரிவைக் கொடுப்பது, விலை எழுதாத காசோலையில் கையொப்பமிடுவது. 2025 இலும் முதற்சுற்றில் ரொறன்ரோவின் பெயர் வாசிக்கப்படவில்லை. டிராஃப்ட்டின் பிந்திய சுற்றுகளைப் பாருங்கள்: டெட்ரொயிட் அணி பாவெல் தட்சுக்கை 171 ஆவதாகவும் ஹென்ரிக் சேட்டர்பேரியை 210 ஆவதாகவும் எடுத்தது. அதற்கு ஐரோப்பாவின் குளிர்ந்த அரங்குகளில் போய் உட்கார்ந்திருக்க ஒரு ஆள் வேண்டும். டெட்ரொயிட்டுக்கு ஹோகன் அன்டெர்ஷொன் இருந்தார்.

கேள்வி: எல்லாருக்கும் தீர்ப்புச் சொல்லும் ஐயா எப்போதாவது பிழைவிட்டதுண்டா? – அதே ஸ்காபரோ வாசகர்

பதில்: 2015 ஜூன் 26. ரொறன்ரோவுக்கு நாலாவது தெரிவு. எங்களுக்கு வேண்டியது பின்கள வீரர், ஆகவே நோவா ஹனிஃபினைத்தான் எடுக்க வேண்டும் என்று மச்சான் வீட்டு வரவேற்பறையில் நின்றபடி நான் பேசினேன். ஒன்ராறியோவின் லண்டன் நகர இளையோர் அணிக்காக 126 புள்ளிகள் எடுத்த மிட்ச் மார்னரை, “காற்றடித்தால் விழுந்துவிடுவான்” என்று சொன்னேன். மச்சான் சுவரிலிருந்த தமிழ்க்கடை நாட்காட்டியின் ஜூன் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் நான் சொன்னதை என் கையாலேயே எழுதுவித்துத் தேதியும் போடுவித்தார். ரொறன்ரோ மார்னரை எடுத்தது. அவர் விழாமல் 657 ஆட்டங்களில் 741 புள்ளிகள் எடுத்தார். பத்து வருடங்களாக ஒவ்வொரு ஜூனிலும் அந்தத் தாள் தேநீர்த் தட்டோடு சேர்ந்து வெளியே வரும்.

2025 கோடையில் மார்னர் லாஸ் வேகஸுக்குப் போனார். ஹனிஃபின் அங்கே முன்னரே இருந்தார். இப்போது இருவரும் ஒரே உடைமாற்றும் அறையில். அந்தச் செய்தி வந்த அன்று மச்சானைத் தொலைபேசியில் அழைத்து, வழக்கு முடிந்துவிட்டது, தாளைத் திருப்பித் தந்துவிடுங்கள் என்று கேட்டேன். அவர் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதாகச் சொன்னார்.