‘டெலிவர்டு’ என்கிறது கூரியர், வரவில்லை என்கிறார் வாடிக்கையாளர்

கேள்வி: காஞ்சிபுரத்திலிருந்து சொந்த இணையதளம் மூலம் பட்டுச்சேலை விற்கிறேன். வாடிக்கையாளர் ஆன்லைனில் கட்டும் பணத்தை வாங்கி எனக்கு அனுப்பும் பேமென்ட் கேட்வே நிறுவனம், விதியை மாற்றிவிட்டதாக மெயில் அனுப்பியது. இரண்டு நாளில் வந்த பணம் இப்போது ஏழு நாள் கழித்துத்தான் வருகிறது. அதிலும் பத்து சதவீதத்தைப் பிடித்து வைக்கிறார்கள். இதற்கிடையே புனே வாடிக்கையாளர் ஒருவர், 18,500 ரூபாய்ச் சேலை வந்து சேரவில்லை என்று சார்ஜ்பேக் (தன் வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்கும் கோரிக்கை) போட்டுவிட்டார். கூரியர் தளத்தில் ‘டெலிவர்டு’ என்றே இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் சார்ஜ்பேக்கைக் கவனியுங்கள். மற்றவற்றுக்கு மாதக்கணக்கில் அவகாசம் உண்டு, இதற்கு நாள்கணக்குதான். கடைசித் தேதி கேட்வேயின் மெயிலில் இருக்கும். அதைத் தவறவிட்டால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் பணம் திரும்பிப் போய்விடும்.

டிராக்கிங் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. டெலிவரிச் சான்றின் நகலை, அதாவது பி.ஓ.டி.யை, கூரியரிடம் மெயிலில் கேட்டு வாங்குங்கள். வாங்கியவர் பெயர், கையெழுத்து அல்லது ஓ.டி.பி. பதிவு, பின்கோடு எல்லாம் ஆர்டரோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். எடையையும் விடாதீர்கள்: 900 கிராம் என்று புக் செய்த பார்சல் வழியில் 300 கிராமாகப் பதிவாகியிருந்தால், சேலை நடுவிலேயே உருவப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். எல்லாம் பொருந்தினால் பி.ஓ.டி., பில், வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் ஒரே பி.டி.எஃப். ஆக்கி ஏற்றுங்கள். பெயருக்குப் பதில் ‘செக்யூரிட்டி’ என்று எழுதி ஒரு கிறுக்கல் மட்டும் இருந்தால், அந்த வாடிக்கையாளர் உண்மையே சொல்லக்கூடும். அப்போது சார்ஜ்பேக்கை ஏற்றுக்கொண்டு கூரியர்மீது திரும்புவதே சரி. சார்ஜ்பேக் நிலுவையில் இருக்கும்போது மனமிரங்கி யு.பி.ஐ.யில் தனியாகப் பணம் அனுப்பிவிடாதீர்கள். இரண்டு முறை கொடுத்ததாகிவிடும்.

கூரியர் நிறுவனமும் 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்துக்குள் வருகிறது. பொருள் தொலைந்ததற்காக வழக்குப் போட வேண்டுமானால், புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். பலர் டெலிவரி தேதியிலிருந்து எண்ணித் தவறுகிறார்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு கசப்பான உண்மையும் உண்டு. மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டாமல் அனுப்பிய சரக்குக்கு, சரக்குக் கட்டணத்தைப் போல் பத்து மடங்குதான் இழப்பீட்டு வரம்பு. 95 ரூபாய் கட்டியிருந்தால் 950 ரூபாய்! விலை உயர்ந்த சேலையை இனி அப்படி அனுப்பவே அனுப்பாதீர்கள்.

அடுத்து, பிடித்து வைத்த பணம். விதியை மாற்றும் உரிமையைக் கேட்வே நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருக்கும். மெயில் வந்த பின்னும் சேவையைத் தொடர்ந்தால் அதையே சம்மதம் என்று வாதிடுவார்கள். ஆனால் புது விதி அமலுக்கு வந்த தேதிக்கு முன் நடந்த விற்பனைக்குப் பழைய விதிதான் பொருந்தும் என்று கேட்க உங்களுக்கு இடமிருக்கிறது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி அந்தப் பணம் வங்கியில் எஸ்க்ரோ கணக்கில், அதாவது பிறர் பணத்தைத் தனியே வைத்திருக்கும் கணக்கில், இருக்க வேண்டும்; நிறுவனம் அதைத் தன் செலவுக்கு எடுக்க முடியாது. எந்தெந்த ஆர்டரின் பணம், எந்த விதியின்கீழ், எந்தத் தேதிவரை நிறுத்தப்பட்டுள்ளது என்று அவர்களுடைய நோடல் அதிகாரிக்கு (புகார்களைக் கவனிக்கும் பொறுப்பாளர்) எழுதிக் கேளுங்கள்.

அந்தக் கடிதத்துக்கு முன்பே பழைய ஒப்பந்தம், மாற்றம் பற்றிய மெயில், உங்களுக்குப் பணம் வந்த விவரம் காட்டும் செட்டில்மென்ட் அறிக்கை அனைத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கணக்கை முடக்கிவிட்டால் டாஷ்போர்டு திறக்காமல் போகலாம். வழக்கு என்று வந்தால் இந்த மின்னணுப் பதிவுகளோடு, சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவின்படியான சான்றிதழும் இணைக்க வேண்டியிருக்கும். ஆகவே எந்தச் சாதனத்தில் எந்த நாளில் இறக்கினீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள்.