பக்கவாதத்துக்குப் பின் பேச்சு தடைபட்ட அப்பாவுக்கு ஊர் எப்படித் துணை நிற்கலாம்?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அப்பாவுக்குத் தமிழ் துண்டுதுண்டாக வருகிறது, மலையாளம் வரவே இல்லை, புத்தி மங்கிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி நினைக்கவே நினைக்காதீர்கள். இது அஃபேசியா, அதாவது புத்தி தெளிவாக இருந்தும் சொல் வராமல் தடைபடும் மொழிக் குறைபாடு. மூளையில் மொழியைக் கையாளும் பகுதி, பெரும்பாலும் இடப்பக்கம், அடிபடுவதால் வருகிறது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது வரும். இரண்டு மொழி பேசுபவருக்கு ஒன்று முந்தியும் மற்றது பிந்தியும் திரும்புவதுண்டு.

அவரை வீட்டுக்குள் அடைக்காமல், உடம்பு தேறியதும் மறுபடி கடையில் உட்கார வையுங்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. பேச ஆளில்லாவிட்டால் பயிற்சி எங்கே நடக்கும்? வாடிக்கையாளர்களிடம் சொல்லிவையுங்கள்: ஒரு நேரத்தில் ஒருவர், சின்னச் சின்ன வாக்கியம், ஆமாம் இல்லை என்று தலையாட்டினாலே போதுமான கேள்வி. கத்திப் பேச வேண்டாம். அவர் சொல் தேடும்போது பொறுத்திருங்கள், முந்திக்கொண்டு முடித்துவைக்காதீர்கள். அரிசி, பருப்பு, எண்ணெய்ப் படங்கள் ஒட்டிய அட்டை ஒன்று கையில் இருக்கட்டும். பேச வராத சிலருக்குப் பழகிய பாட்டு வரும். கூடச் சேர்ந்து பாடுங்கள்.

பேச்சுப் பயிற்சியாளர் தமிழ் தெரிந்தவராக இருந்தால் நல்லது. நடமாட முடியாவிட்டால் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் குழு (நெடுநாள் நோயாளிகளைக் கவனிக்கும் ஆதரவுச் சிகிச்சைக் குழு) வீட்டுக்கே வரும். உங்கள் வார்டு ஆஷா பணியாளரிடம், அதாவது ஊர்ச் சுகாதாரப் பணியாளரிடம், கேளுங்கள். ஆறு மாதம் கழித்தும், வருடங்கள் கழித்தும்கூடப் பேச்சு மேம்படலாம்.