சீருடைக்கு ஒரு பாஸ்போர்ட்

கேள்வி: என் நண்பரின் மகன் மேல்படிப்புக்கு அமெரிக்கா போனான். அங்கேயே ராணுவத்தில் சேர்ந்தான். சில மாதங்களில் குடியுரிமை கிடைத்துவிட்டது. இப்போது அந்த நாட்டு அரசாங்கச் செலவில் இன்னொரு பட்டமும் படிக்கிறான். லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் படிக்கவைத்து, கிரீன் கார்டுக்கு இருபது வருடம் காத்திருப்பதைவிட இது நல்ல வழியாகத் தெரிகிறது. என் மகனையும் அனுப்பலாம் என்றிருக்கிறேன். உறவினர்களோ தேசத் துரோகம் என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன? (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்: இவ்வளவு நல்ல யோசனைக்குப் பெயர் போட ஏன் தயக்கம் என்று புரியவில்லை. போகட்டும்.

துரோகம் என்ற சொல்லை முதலில் இறக்கி வைத்துவிடலாம். அந்நிய நாட்டுக் கம்பெனிக்கு ராத்திரி பகலாக உழைத்தால் பெருமை, அந்நிய நாட்டு ராணுவத்துக்கு உழைத்தால் துரோகம் என்ற கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கம்பெனி வேலை பிடிக்கவில்லை என்றால் ராஜினாமா கடிதம் கொடுக்கலாம். ராணுவத்தில் யாரை நோக்கித் துப்பாக்கியை நீட்டுவது என்பதை உங்கள் பையன் தீர்மானிக்க முடியாது. உறவினர்கள் அதைக் கேட்டிருந்தால் நானும் அவர்களோடு சேர்ந்து கேட்டிருப்பேன்.

சரி, நண்பர் மகன் கதைக்கு வருவோம். பொய் என்று சொல்லமாட்டேன், ஆனால் பழைய கதையாக இருக்க வேண்டும். 2009-ல் அமெரிக்க ராணுவம் 'மாவ்னி' என்று ஒரு திட்டம் தொடங்கியது. கிரீன் கார்டு வேண்டாம். மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ சட்டப்படி இரண்டு வருடம் அங்கே இருந்திருந்தால் போதும். ராணுவத்துக்குத் தேவையான மருத்துவத் தகுதியோ, அவர்களுடைய பட்டியலில் உள்ள ஒரு மொழியோ தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் தமிழும் இருந்தது! மொழிக்காகச் சேர்ந்தவர்கள் குறைந்தது நாலு வருடம் முழுநேரப் பணி செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். தெற்குக் கரோலினாவின் ஃபோர்ட் ஜாக்சன் போன்ற முகாம்களில் சுமார் பத்து வாரம் அடிப்படைப் பயிற்சி. அது முடிகிற சமயத்திலேயே குடியுரிமைப் பிரமாணமும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தவர்கள் ஏராளம். மொத்தம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்த வழியில் சேர்ந்தார்கள்.

2016-ல் பாதுகாப்புச் சோதனைகளைக் கடுமையாக்கி, புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இதில் யாரும் வெளியே பேசாத ஒரு பகுதி இருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பயிற்சிக்கு அழைப்பு வரும் என்று உட்கார்ந்திருந்த நூற்றுக்கணக்கானோருக்கு அழைப்பும் வரவில்லை, விசாவும் காலாவதி ஆகிக்கொண்டிருந்தது. சேர்ந்த ராணுவத்தின் மீதே வழக்குப் போட வேண்டிய நிலை. சிலர் காரணம்கூடச் சொல்லப்படாமல் வெளியேற்றப்பட்டார்கள். வெற்றி பெற்றவன் கதை உங்கள் நண்பர் வீட்டு வரவேற்பறைக்கு வந்துவிட்டது. மற்றவர்கள் கதைக்கு அப்படி ஒரு வரவேற்பறை கிடைக்கவில்லை.

இன்றைய நிலவரப்படி அந்த ராணுவத்தில் சேர, குடியுரிமையோ கிரீன் கார்டோ கையில் இருக்க வேண்டும். மைக்ரோனேஷியா, மார்ஷல் தீவுகள், பலாவ் நாட்டுக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. மாணவர் விசாவில் போகிற உங்கள் பையனுக்கு அந்தக் கதவு இல்லை. நீங்கள் தவிர்க்க நினைத்த கிரீன் கார்டு வரிசையில் நின்ற பிறகுதான் ராணுவ வரிசை. கிரீன் கார்டு கைக்கு வந்தவன் சும்மா இருந்தாலே ஐந்து வருடத்தில் குடியுரிமைக்கு மனுப் போடலாம். அதற்குப் பிறகு சீருடை போட்டுக் குடியுரிமை தேடுவது கொக்கு தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கிற கதை.

2022-ல் அவர்களுடைய தரைப்படைக்கு 60,000 பேர் தேவைப்பட்டார்கள், 15,000 பேர் குறைந்தார்கள். உடனே கிரீன் கார்டுக்காரர்களுக்குப் பயிற்சி முகாமிலேயே குடியுரிமை என்ற ஏற்பாட்டைத் தூசி தட்டி எடுத்தார்கள். ஆள் குறைந்தால் கதவு திறக்கிறது, சந்தேகம் வந்தால் மூடுகிறது. இந்தக் கதவை நம்பி ஒரு பதினெட்டு வயதுக்காரனின் எதிர்காலத்தைத் திட்டமிடலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

குடியுரிமை கொடுத்தாலும் அது கெட்டி என்று நினைத்துவிடாதீர்கள். ராணுவப் பணியைக் காட்டி வாங்கிய குடியுரிமையை, ஐந்து வருடம் நற்பெயரோடு பணியாற்றும் முன் அவப்பெயரோடு வெளியேற்றப்பட்டால், திரும்பப் பறிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அப்புறம், அது தானாகவும் வராது. மனுப் போட வேண்டும். போடாமல் விட்டு, பணி முடிந்தபின் ஏதோ குற்ற வழக்கில் மாட்டி நாடு கடத்தப்பட்ட முன்னாள் வீரர்கள் மெக்சிகோவின் டிஹுவானா நகரில் தங்களுக்கென்று ஒரு விடுதியே வைத்திருக்கிறார்கள்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். ஹோசே குட்டியெரஸ், குவாதமாலாவின் அனாதைப் பையன். சட்டத்துக்குப் புறம்பாக அமெரிக்காவுக்குள் நுழைந்து, பிறகு கிரீன் கார்டு பெற்று, மரைன் படையில் சேர்ந்தார். 2003 மார்ச் 21 அன்று ஈராக்கில் இறந்தார். அந்தப் போரில் அமெரிக்கத் தரப்பில் முதலில் விழுந்தவர்களில் ஒருவர். அவருக்கும் குடியுரிமை கிடைத்தது, இறந்த பிறகு.

பட்டம்? ராணுவம் பட்டம் தருவதில்லை, கட்டணம் கட்டுகிறது. 36 மாதம் முழுநேரப் பணி முடித்து நற்பெயரோடு வெளியே வந்தால், அரசுப் பல்கலைக்கழகத்தில் 36 மாதப் படிப்புக் கட்டணம் முழுவதும், வீட்டு வாடகைப் படியும் சேர்த்துத் தருகிறார்கள். நல்ல திட்டம், மறுக்கவில்லை. ஆனால் பட்டியலில் இதை மட்டும் படிக்கிறோம். சேரும்போது போடுகிற கையெழுத்து மொத்தம் எட்டு வருடத்துக்கானது. முழுநேரப் பணி போக மீதி வருடங்களில், கூப்பிட்டால் போக வேண்டும். ஈராக் போரின்போது கூப்பிடவும் செய்தார்கள். வேலை, குடும்பம் என்று நிலைபெற்றுவிட்டவர்கள் மறுபடி மூட்டை கட்டினார்கள்.

இந்தப் பக்கத்துக் கணக்கையும் பாருங்கள். அயல்நாட்டுக் குடியுரிமை பெற்ற அன்றே, 1955-ம் வருடச் சட்டப்படி இந்தியக் குடியுரிமை போய்விடும். அதனால் என்ன, அயல்நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் வந்துபோக உதவும் ஓசிஐ அட்டை வாங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். வெளிநாட்டு ராணுவத்தில் இருப்பவருக்கும் ஓய்வு பெற்றவருக்கும் அந்த அட்டை கிடையாது என்பது நம் உள்துறை அமைச்சகத்தின் விதி. உங்களைப் பார்க்க வரவே அவன் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி: ராணுவத்திலோ காவல் துறையிலோ பணியாற்றியதுண்டா? 'ஆம்' என்றால் அமைப்பு, பதவி, அந்தஸ்து, பணியிடம் என்று நாலு கட்டம் திறக்கும். பெற்ற தாயைப் பார்க்க வருகிறவன் அதை நிரப்பிக்கொண்டிருப்பான். உங்கள் நண்பரிடம் இதைக் கேட்டீர்களா?

அமெரிக்கா இல்லை என்றால் வேறு நாடு என்று யாராவது சொல்வார்கள். பிரான்ஸின் அந்நியர் படைக்கு நேரில் போய் நிற்க வேண்டும், முதல் ஒப்பந்தமே ஐந்து வருடம். மூன்று வருடம் கழித்துக் குடியுரிமை கேட்கலாம், பட்டம் கிட்டம் எதுவும் கிடையாது. போரில் காயம்பட்டவர் அதற்கு முன்பே கேட்கலாம். 'சிந்திய ரத்தத்தால் பிரெஞ்சுக்காரர்' என்று அதற்குப் பெயர். பெயராவது நேர்மையாக இருக்கிறது.

ரஷ்யா என்று எவனாவது சொன்னால் மட்டும் அந்த ஆளின் போன் நம்பரைப் போலீசுக்குக் கொடுங்கள். ஒப்பந்தம் போடும் வெளிநாட்டவருக்கும் குடும்பத்துக்கும் விரைவாகக் குடியுரிமை என்று அந்நாட்டு அதிபர் 2024 ஜனவரியில் ஆணை போட்டார். இரண்டே மாதத்தில், மார்ச்சில், நம் சிபிஐ ஓர் ஆள்கடத்தல் வலையைப் பிடித்தது. உதவியாளர் வேலை, காவலாளி வேலை என்று சிலரை அழைத்துப் போயிருந்தார்கள். குறைந்த கட்டணத்தில் தனியார் பல்கலைக்கழகத்தில் இடம், விசா நீட்டிப்பு என்று மாணவர்களை அழைத்துப் போயிருந்தார்கள். போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, கொஞ்சம் பயிற்சி கொடுத்துப் போர்முனையில் விட்டார்கள். சிலர் சவப்பெட்டியில் திரும்பினார்கள். குடியுரிமை, பட்டம், ராணுவம் என்று நீங்கள் கேட்ட மூன்றும் அந்தப் பொட்டலத்தில் இருந்தன.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கடன் இருக்கிறது, காத்திருப்பு இருக்கிறது, நண்பர் இருக்கிறார், உறவினர்கள் இருக்கிறார்கள். 'அனுப்பலாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். பையன் என்ன சொல்கிறான் என்று ஒரு வரிகூட இல்லை. அடுத்த கடிதத்தை அவனையே எழுதச் சொல்லுங்கள். அவன் பெயரையும் வெளியிடமாட்டேன்.