ஆடி மர்ஃபியின் ராணுவக் கோப்புக்கு 99 டாலர் கட்ட வேண்டுமா?

கேள்வி: டல்லாஸ் அருகே வசிக்கிறோம். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், பள்ளி வரலாற்றுப் போட்டிக்கு, இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற அமெரிக்க வீரர் ஆடி மர்ஃபியின் ராணுவ வாழ்க்கையைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். மூல ஆவணங்களைக் காட்ட வேண்டும் என்று ஆசிரியை சொல்லிவிட்டார். ஓர் இணையதளம் ‘சான்றளிக்கப்பட்ட முழு ராணுவக் கோப்பு’ தருவதாக 99 டாலர் கேட்கிறது. மர்ஃபி பிறந்தது 1924 என்று ஓரிடத்தில் இருக்கிறது, 1925 என்று இன்னோரிடத்தில். பதவி சில இடங்களில் லெப்டினன்ட், சில இடங்களில் மேஜர். பதக்கக் கணக்கும் ஒத்துவரவில்லை. பணம் கட்டிக் கோப்பை வாங்கினால் இந்தக் குழப்பம் தீருமா?

பதில்: தீராது. பணமும் கட்டாதீர்கள், சகோதரி.

ராணுவ ஆவணங்களைத் தேடித் தருவதே என் தொழில். இப்படிப்பட்ட தளங்களைப் பற்றி வாரம் தவறாமல் யாராவது கேட்கிறார்கள். முகப்பில் கழுகு, கொடி, நட்சத்திரங்கள் எல்லாம் இருக்கும். பெயரில் ‘தேசிய’, ‘ராணுவ’, ‘ஆவண’ என்ற சொற்கள் இருக்கும். அரசுத் தளம் என்றே நினைப்பீர்கள். முகவரி எப்படி முடிகிறது என்று மட்டும் பாருங்கள். டாட் காம் என்றோ டாட் ஆர்க் என்றோ முடிந்தால் அது அரசு ஆவணக் காப்பகம் அல்ல, அதன் முகவரி டாட் கவ் என்று முடியும். இவர்கள் செய்வது இவ்வளவுதான்: எஸ்எஃப் 180 என்று ஒரு படிவம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம். அதை உங்கள் பெயரில் நிரப்பி செயின்ட் லூயிஸுக்கு அனுப்புவார்கள். ‘அவசர சேவை’ என்று கூடுதலாக வாங்கும் தொகைக்கு அங்கே எந்த மதிப்பும் இல்லை. உங்கள் விண்ணப்பமும் அவர்கள் அனுப்பியதும் ஒரே வரிசையில்தான் நிற்கும்.

செயின்ட் லூயிஸில் இருப்பது தேசியப் பணியாளர் ஆவண மையம். அங்கிருந்து பதில் வர ஏன் இவ்வளவு தாமதம், வந்தாலும் ஏன் பாதிப் பக்கம் கருகியிருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் தேதி 1973 ஜூலை 12. அன்று அந்த மையத்தின் ஆறாம் மாடியில் தீப்பிடித்து 1.6 கோடியிலிருந்து 1.8 கோடி கோப்புகள் வரை போயின. 1912 நவம்பர் 1 முதல் 1960 ஜனவரி 1 வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் அதில் அடக்கம். நகல் கிடையாது, மைக்ரோஃபிலிம் கிடையாது, எந்தக் கோப்பு எங்கே இருந்தது என்று ஓர் அட்டவணைகூடக் கிடையாது. கோப்புகள் இருந்த பகுதியில் தீயணைக்கும் நீர்த்தூவியும் இல்லை. இரண்டு உலகப் போர்களுக்கு ஆள் அனுப்பிய அரசு, அவர்களுடைய காகிதத்துக்குச் செய்த பாதுகாப்பு இவ்வளவுதான். எனவே ‘முழுக் கோப்பு உத்தரவாதம்’ என்று எவராவது சொன்னால், மற்ற எதையும் விசாரிக்காமல் அந்த ஒரு வரிக்காகவே விலகிவிடுங்கள்.

சரி, மர்ஃபி விஷயத்துக்கு வருவோம். இங்கே ஒரு விதிவிலக்கு உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. கவுன்ட்டரில் இருப்பவர்களே இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பொதுவான விதி இது: ஒருவர் ராணுவத்தை விட்டு விலகி 62 ஆண்டுகள் ஆனால்தான் அவர் கோப்பு பொதுமக்களுக்குத் திறக்கும். அதுவரை அவருக்கும், அவர் இறந்திருந்தால் நெருங்கிய உறவினருக்கும் மட்டும்தான். அந்த உறவினர் பட்டியலில் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் உண்டு; பேரப்பிள்ளைகள் கிடையாது. தாத்தாவின் கோப்பைத் தேடி வருகிறவர்களில் பெரும்பாலோர் பேரப்பிள்ளைகள்தான் என்பது விதி எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

மர்ஃபி முழுநேர ராணுவப் பணியிலிருந்து விடுபட்டது 1945 செப்டம்பரில். அதோடு 62-ஐக் கூட்டி 2007-லேயே கோப்பு திறந்திருக்கும் என்று நினைத்தால் தவறு. அவர் 1950-இல் மாநிலத்தின் பகுதிநேரப் படையான டெக்சஸ் நேஷனல் கார்டில் கேப்டனாகச் சேர்ந்தார், 1956-இல் மேஜர் ஆனார், பிறகு ரிசர்வுக்கு மாறினார். 1960களின் பிற்பகுதி வரை அவர் பெயர் பட்டியலில் இருந்தது. அந்தக் கணக்குப்படி 2030 வாக்கில்தான் கதவு திறக்க வேண்டும். ஆனால் பெரும்புகழ் பெற்றவர்கள் என்று ஆவணக் காப்பகம் ஒரு தனி வகை வைத்திருக்கிறது. அவர்களுக்கு 62 ஆண்டு விதி பொருந்தாது, இறந்து 10 ஆண்டு ஆனால் போதும். மர்ஃபி 1971 மே 28 அன்று வர்ஜீனியாவில் விமான விபத்தில் இறந்தார். ஆகவே ‘இன்னும் காலம் ஆகவில்லை’ என்று யாராவது பதில் போட்டால், இந்த வகையைச் சுட்டிக்காட்டி மறுபடி எழுதுங்கள். தயங்க வேண்டாம்.

எழுதுவதற்கு முன், தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணையில் அவர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். இந்த வகைக் கோப்புகள் பலவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அங்கே இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். அவற்றைப் பார்க்க 99 டாலர் தேவையில்லை.

இனி உங்கள் மூன்று குழப்பங்கள். பிறந்த ஆண்டு 1925. ஆனால் கோப்பில் இருப்பது 1924. ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் அவர் கல்லறைக் கல்லிலும் அதேதான். 1942 ஜூனில் பட்டாளத்தில் சேரும்போது அவருக்கு 17 வயதுதான் முடிந்திருந்தது. அக்கா கொரின் ஒரு வயது கூட்டி உறுதிமொழி எழுதிக் கொடுத்தார், ராணுவம் ஏற்றுக்கொண்டது. அந்தப் பொய்தான் பிறகு எல்லா அரசுக் காகிதத்திலும் ஏறியது. முத்திரை இருக்கிறது என்பதற்காக உண்மை ஆகிவிடாது. உங்கள் மகள் போட்டிக்கான காட்சிப் பலகையில் இரண்டு ஆண்டுகளையும் போட்டு, உறுதிமொழியைப் பற்றி ஒரு வரி எழுதட்டும். நடுவர்கள் தேடுவது இதைத்தான்.

பதவி விஷயத்தில் தேதியைப் பாருங்கள். அவர் 3-ஆம் காலாட்படை டிவிஷனின் 15-ஆம் ரெஜிமென்டில் சாதாரண சிப்பாயாகத் தொடங்கியவர். சிசிலி, இத்தாலி, தென் பிரான்ஸ் வழியாகச் சண்டையிட்டுக்கொண்டே மேலே வந்தார். 1944 அக்டோபர் 14 அன்று போர்க்களத்திலேயே செகண்ட் லெப்டினன்ட் ஆக்கப்பட்டார். சிப்பாய்க்கு ஒரு பணி எண், அதிகாரிக்கு வேறு எண். இரண்டையும் பார்த்து இரண்டு மர்ஃபி என்று குழம்பியவர்கள் உண்டு. அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோன சண்டை, பிரான்ஸின் அல்சாஸில் ஹோல்ட்ஸ்விர் கிராமத்தருகே 1945 ஜனவரி 26 அன்று நடந்தது. தன் ஆட்களைக் காட்டுக்குள் பின்வாங்கச் சொல்லிவிட்டு, எரிந்துகொண்டிருந்த டாங்கி அழிப்பு வண்டியின் மேல் ஏறி, அதன் இயந்திரத் துப்பாக்கியால் சுமார் ஒரு மணி நேரம் தனியாக நின்று சுட்டார். காலில் காயம். அப்போது அவர் செகண்ட் லெப்டினன்ட், அடுத்த மாதம்தான் ஃபர்ஸ்ட் லெப்டினன்ட். அந்தச் சண்டைக்காக, அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானரை ஜெனரல் பேட்ச் ஜூன் 2-இல் சால்ஸ்பர்க் அருகே அணிவித்தார். மேஜர் என்பது நேஷனல் கார்டு காலத்துப் பதவி. எல்லாமே சரி, காலம்தான் வேறு.

பதக்க எண்ணிக்கையில் தலையைக் கொடுக்காதீர்கள். அதே விருதை இரண்டாம் முறை பெற்றால் புதுப் பதக்கம் வராது, ரிப்பனில் ஓக் இலைக் கொத்து என்னும் சிறு சின்னம் ஏறும். அதைச் சிலர் தனியாக எண்ணுவார்கள், சிலர் எண்ண மாட்டார்கள். பிரான்ஸும் பெல்ஜியமும் கொடுத்தவை, படைப்பிரிவுக்குக் கிடைத்தவை என்று சேர்த்தால் கணக்கு இன்னும் ஏறும். எத்தனை எதிரிகளைக் கொன்றார் என்று இணையத்தில் சுற்றும் எண்ணை அடியோடு விட்டுவிடுங்கள். காலாட்படையில் ஆளுக்கொரு பேரேடு வைத்து எவரும் அதை எழுதவில்லை. மெடல் ஆஃப் ஹானர் பாராட்டுரையில் இருப்பது, அன்றைய சண்டையில் சுமார் 50 பேர் ‘கொல்லப்பட்டார்கள் அல்லது காயப்பட்டார்கள்’ என்பது மட்டும்தான். 1955-இல் தன் கதைப் படத்தில் மர்ஃபியே நாயகனாக நடித்தார் என்பதால், படத்தில் பார்த்த காட்சியைப் பிள்ளைகள் சம்பவமாக எழுதிவிடுகிறார்கள். அதையும் கவனியுங்கள்.

மகளுக்கு முழுக் கோப்பு தேவையே இல்லை. பாராட்டுரை, ஏதாவது ஒரு விடுவிப்புச் சான்று, அதிகாரி ஆக்கிய உத்தரவு என்று மூன்று காகிதம் போதும். நேஷனல் கார்டு காலத்துக் காகிதம் வேண்டுமென்றால் செயின்ட் லூயிஸை மட்டும் நம்பி உட்காராதீர்கள். மாநில ராணுவத் துறை ஆஸ்டினில் கேம்ப் மேப்ரியில் இருக்கிறது, அங்கே தனியாகக் கேளுங்கள். இந்த இரண்டு அலுவலகங்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொன்று. இப்படித் தேடத் தொடங்கியதும் ‘அசல் மெடல் ஆஃப் ஹானர் விற்பனைக்கு’ என்று விளம்பரம் வந்து நிற்கும். அந்தப் பதக்கத்தை விற்பதும் வாங்குவதும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம், ஓராண்டு வரை சிறை உண்டு. பலகையில் ஒட்ட ஒரு படம் போதும்.

99 டாலரை ஏற்கெனவே கட்டியிருந்தால், அந்தத் தளத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் காத்திருக்காமல் கார்டு கொடுத்த வங்கியை இன்றே அழைத்துக் கட்டணத்தை மறுத்துப் பதிவு செய்யுங்கள். விண்ணப்பத்தில் உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைக் கொடுத்திருந்தால் உங்கள் பெயரில் வேறு யாரும் கடன் எடுக்காதபடி கிரெடிட் நிறுவனங்கள் மூன்றிலும் முடக்கம் போட்டுவிடுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது.