பின்கதவுத் தாழ்ப்பாள்

வணக்கம். என் மகனுக்கு 16 வயது. போன மாதம் இரண்டு நாள் காலையில் பின்கதவுத் தாழ்ப்பாள் திறந்து கிடந்தது. ராத்திரி போட்டது நான்தான், நன்றாக நினைவிருக்கிறது. இரண்டாவது நாள் அவன் செருப்பின் அடியில் ஈரமண் ஒட்டியிருந்தது. வகுப்பில் முதல் பாடவேளையிலேயே தூங்கி வழிகிறான் என்று ஆசிரியர் சொல்கிறார். அவன் அறையை ராத்திரியில் வெளியே பூட்டிவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு, அவனுக்குத் தெரியாமல் ஒரு கேமரா வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. கையும் களவுமாகப் பிடிக்காமல் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டான். என்ன செய்யட்டும்?

— ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பூட்டு விஷயம். வேண்டவே வேண்டாம். ராத்திரி தீப்பிடித்தால் அந்தப் பூட்டின் சாவியைத் தேட உங்களுக்கு நேரம் இருக்காது. அதோடு, பின்கதவு வழியாக நடந்து போகிறவனை அடைத்தால் ஜன்னல் வழியாகவோ மாடிக் குழாயைப் பிடித்தோ இறங்கப் பார்ப்பான். இப்போது இருக்கிற ஆபத்தோடு எலும்பு முறிவும் சேரும். ஜன்னலை ஆணி அடித்து மூடுவதும் இதே கணக்குதான்.

அடுத்து, கையில் இருக்கும் தடயங்கள். பகல் தூக்கத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பருவ வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் ஒன்று, இரண்டு மணி நேரம் தாமதமாகவே சுரக்கிறது. 10 மணிக்குப் படுக்கச் சொன்னாலும் தூக்கம் 12க்குத்தான் வரும். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. 6 மணிக்கு எழுப்பினால் கணக்கு இடிக்கிறது. வீட்டைத் தாண்டாத பிள்ளையும் முதல் பாடவேளையில் தூங்கத்தான் செய்வான்.

தாழ்ப்பாளும் ஈரமண்ணும் அப்படி இல்லை. அவன் வெளியே போயிருக்கிறான். ஆனால் எவ்வளவு தூரம் என்பதை மண் சொல்லாது. கொல்லையில் நின்று போனில் பேசினாலும் செருப்பு நனையும், வண்டியேறி ஊர் சுற்றினாலும் நனையும். தூக்கத்தில் நடக்கும் பழக்கம் சிறு வயதில் இருந்ததா, குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். அது பெரும்பாலும் தூங்கிய முதல் சில மணி நேரத்துக்குள் நடக்கும், காலையில் நினைவிருக்காது. அந்தச் சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

இப்போது கேமரா. ஒளித்து வைத்து, பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் ‘ராத்திரி நல்லா தூங்கினியா?’ என்று கேட்பீர்கள். ‘ம், தூங்கினேன்’ என்பான். அந்தப் பொய்யை அவன் வாயில் வைத்ததே நீங்கள்தான். அப்புறம் படத்தைக் காட்டினால், எங்கே போனான் என்ற பேச்சு போய், ‘என்னை வேவு பார்த்தீங்களா’ என்ற சண்டையில் நாள் முடியும். நிலையில் நூல் கட்டிவைப்பது, வாசலில் மாவு தூவுவது எல்லாமே இந்த ரகம்தான். ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இரு ஆய்வாளர்கள் ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வை 2000இல் வெளியிட்டார்கள். பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, கண்காணித்துத் தெரிந்ததல்ல, பிள்ளைகள் தாங்களாகச் சொன்னது என்பது அதில் தெரிந்தது. சொல்கிற வாயை மூடவைக்கும் எதுவும் உங்களுக்கு நஷ்டம். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் தாழ்ப்பாளும் மண்ணும் பேச்சைத் தொடங்கப் போதும்.

எப்போது கேட்பது? ராத்திரி வேண்டாம், பள்ளிக்குக் கிளம்பும் நேரமும் வேண்டாம். விடுமுறை நாளில், அவன் தூங்கி எழுந்து வயிறு நிறைந்த பிறகு. எதிரெதிரே உட்காராமல், நடந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ, பக்கவாட்டில் இருப்பது மாதிரி. இரண்டு பேரும் சேர்ந்து சூழ்ந்துகொள்ளாதீர்கள், ஒருவர் போதும். ஆனால் அதற்கு முன்பே கணவரும் நீங்களும் ஒரே முடிவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவரிடம் வாங்கிய தண்டனையை இன்னொருவரிடம் குறைத்துக்கொள்வான்.

கண்டதை மட்டும் சொல்லுங்கள்: ‘ரெண்டு நாள் தாழ்ப்பாள் திறந்திருந்ததுடா. உன் செருப்பில மண்ணு இருந்தது. நீ ராத்திரி வெளிய போறேன்னு நினைக்கிறேன். எனக்குப் பயமா இருக்கு. எங்க போறேன்னு சொல்லு.’ பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். கஷ்டமான பகுதி இதுதான். பத்து விநாடி மௌனத்தைத் தாங்க முடியாமல் பெரும்பாலான பெற்றோர் அறிவுரையை ஆரம்பித்துவிடுகிறார்கள், அவனும் நிம்மதியாகக் காதை மூடிக்கொள்கிறான். ‘நான் போகலையே’ என்றால் வழக்காட வேண்டாம். ‘சரி, நாளைக்குச் சாயந்திரம் திரும்பக் கேட்பேன்’ என்று விட்டுவிடுங்கள். கேட்டே ஆகவும் வேண்டும்.

வாய் திறந்தால், ‘ஏன் போனே’ என்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். எங்கே, யாரோடு, எதில் போனான், எதில் திரும்பினான். இதில் வண்டி யார் ஓட்டினார்கள் என்பதே முக்கியம். இளம் ஓட்டுநர்களுக்கு ராத்திரியில் விபத்து அபாயம் அதிகம், வண்டியில் சம வயதுக்காரர்கள் ஏற ஏற இன்னும் கூடும். மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005இல் வெளியிட்ட சோதனையில், ஒரு கணினி வண்டி விளையாட்டில், நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது பதின்பருவத்தினர் தனியாக ஆடியதைவிட அதிக ஆபத்தை ஏற்றார்கள். பெரியவர்களிடம் அந்த மாற்றம் ஏறக்குறைய இல்லை. உங்களிடம் தனியாகப் பேசும்போது பொறுப்பாக இருப்பவன் நாலு பேர் நடுவில் வேறு ஆள் என்பதற்கு இது போதும்.

பதில் நண்பர்கள் என்றோ காதல் என்றோ வந்தால் கைகால் நடுங்கத் தேவையில்லை. வீட்டுச் சண்டையிலிருந்து தப்பிக்கப் போகிறேன் என்றால் திருத்த வேண்டியது தாழ்ப்பாளை அல்ல. இணையத்தில் பழகிய, அவனைவிட வயதில் மூத்த ஒருவரைப் பார்க்கப் போயிருந்தால் எல்லாமே வேறு. கத்தாதீர்கள், உரையாடல்களை அழிக்காதீர்கள், படமெடுத்து வையுங்கள். அவன் பெயரில் நீங்களே பதில் போட்டு அந்த ஆளை வரவழைக்கும் வேலை வேண்டாம். நேராகக் காவல்துறைக்குப் போங்கள். நீங்கள் வாங்கித் தராத போன், இரண்டாவது சிம், எங்கிருந்து வந்ததென்று தெரியாத பரிசுகள் இதற்கான அறிகுறிகள்.

தண்டனை இரண்டு வாரம் போதும். மூன்று மாதம் என்று சொன்னால் மூன்றாம் வாரம் நீங்களே தளர்ந்துவிடுவீர்கள். ராத்திரி 10 மணிக்கு எல்லார் போனும், உங்களுடையதும்தான், கூடத்தில் சார்ஜில் இருக்கட்டும். பின்கதவில், கதவு திறந்தால் அடிக்கும் காந்த சென்சார் மணி ஒன்றை அவன் கண்ணெதிரே மாட்டுங்கள், முடிந்தால் அவனையே மாட்டச் சொல்லுங்கள். ஒரு துண்டு கதவில், ஒரு துண்டு நிலையில். மூடியிருக்கும்போது இடைவெளி ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கதவு தொங்கியிருந்தால் காற்றுக்கே மணி அடிக்கும், மூன்றாம் நாள் நீங்களே கழற்றிவிடுவீர்கள், அதனால் முதலில் கீல் திருகுகளை இறுக்குங்கள். தூசியின் மேல் ஒட்டினால் ஒரு வாரத்தில் விழும், துடைத்துவிட்டு ஒட்டுங்கள். இது அவனைச் சிறை வைக்காது, உங்களை எழுப்பும், அவ்வளவுதான். இன்னொரு உபயோகமும் உண்டு: வரமுடியாது என்று நண்பர்களிடம் சொல்லக் கூச்சப்படும் பையனுக்கு ‘மணி அடிக்கும்டா’ என்று ஒரு சாக்கு கிடைக்கிறது.

வழியை மட்டும் அடைத்தால் போதாது. வாரத்தில் ஒருநாள் நேரங்கழித்து வர அனுமதி கொடுங்கள், இடமும், கூட இருப்பவர்களும், திரும்பும் நேரமும் முன்கூட்டியே பேசி. கூடவே ஒரு குறிச்சொல். அவன் அதை அனுப்பினால் இரண்டு நிமிடத்தில் நீங்கள் போன் செய்து, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கும்படி ‘உடனே கிளம்பு, வர்றேன்’ என்று அதட்ட வேண்டும். கூட்டி வரும் வழியில் ஒரு கேள்வியும் கிடையாது, பேச்செல்லாம் மறுநாள். ஒருமுறை வழியிலேயே திட்டிவிட்டால் அந்தச் சொல் இனி வராது.

இதற்கு நடுவே ஒரு ராத்திரி படுக்கை காலியாக இருந்தால், முதலில் போன். எடுக்காவிட்டால் செய்தி: ‘திட்ட மாட்டேன். எங்க இருக்கேன்னு மட்டும் அனுப்பு, வர்றேன்.’ அடுத்து நண்பர்களின் பெற்றோர், மணி இரண்டானாலும் கூப்பிடலாம். ஒருவர் தேடப் போனால் இன்னொருவர் வீட்டில் இருக்க வேண்டும். தகவல் கிடைக்காவிட்டால் காவல்துறை. 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் சினிமாவில். குடித்துவிட்டு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தனியே விடாதீர்கள். காப்பியும் குளிர்ந்த தண்ணீரும் உதவாது. எழுப்பியும் எழாவிட்டால், மூச்சு மெதுவாகவோ விட்டு விட்டோ வந்தால், உதடு நீலம் பூத்தால், உடனே ஆம்புலன்ஸ்.

பேசிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அவன் கையில் கீறல்கள், வீட்டில் பணம் குறைவது, சாப்பாடு அறவே இறங்காமல் போவது, இவற்றில் ஏதேனும் கண்ணில் பட்டால் என் பதிலுக்குக் காத்திருக்காமல் ஒரு மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கிவிடுங்கள்.